ஸதகா மாங்காய்

போன கிழமை நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். இரண்டாக வெட்டிய மாம்பழம், நடுவில் புழு. கீழே அழுகிற முகம் வேறு. உடனே ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பியது. ஒருத்தி உப்புத் தண்ணீரில் போடச் சொன்னாள். ஒருத்தி மரத்தையே தறித்துவிடச் சொன்னாள். இன்னொருத்தி, காலம் கெட்டுப் போச்சு, மனிசர் கெட்டுப் போச்சு என்று தொடங்கிவிட்டாள். விழுந்த காய்களை என்ன செய்கிறாய் என்று ஒருத்தியாவது அவளிடம் கேட்டீர்களா? இல்லை. எல்லாருக்கும் அறுபது தாண்டியாயிற்று, பேரப்பிள்ளைகளுக்கு மாம்பழம் வெட்டிக் கொடுத்தே கை மரத்துவிட்டது, ஆனால் அந்தப் புழு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். ஒரு முழு மாங்காய்ப் பருவம் அந்தப் புழுவோடு நாங்கள் மல்லுக்கட்டியிருக்கிறோம். குரல் பதிவில் சொன்னால் நீளம் என்று பாதியில் நிறுத்திவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? அதனால் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் தோட்டம் அலுவிகாரையைத் தாண்டி, தம்புள்ளைப் பக்கம் போகிற பெரிய பாதையோரம் இருந்தது. மிளகுக் கொடிகளும் கொஞ்சம் கொக்கோவும் பின்னால். முன்னால், பாதையைப் பார்த்தபடி, கறுத்தக் கொழும்பான் மாமரங்கள். அவை பூத்தால் வீட்டுக்குள் சோற்றுக் கோப்பையில்கூட அந்த வாசம் ஏறிவிடும். இனிப்பும் கசப்புமான வாசம். உம்மாவுக்கு அது தலைவலி. எனக்கு இன்றைக்கும் அந்த வாசத்தில் வயிறு பசிக்கிறது.

மாங்காயை நாங்கள் ஒருநாளும் காயாக விற்றதில்லை. பூவில்தான் விற்போம். அதாவது, மரம் பூத்து நிற்கும்போதே வியாபாரி வந்து அண்ணாந்து பார்த்து ஒரு விலை சொல்லுவார். கொடுத்துவிட்டால் அன்றையிலிருந்து காய் பறிக்கிற வரைக்கும் மரம் அவருடைய பொறுப்பு. காற்றடித்தாலும் அவருக்கு, பூச்சி தின்றாலும் அவருக்கு. எங்கள் பூவை வாங்குகிற வியாபாரி வேறு யாருமில்லை, உம்மாவின் நானா, அதாவது மூத்த சகோதரர், என் மாமா. பெரிய உடம்பு, பெரிய குரல், பச்சை லொறி ஒன்று. புகை போடுவதும் மருந்தடிப்பதும் காவல் வைப்பதும் அவருடைய ஆட்கள். எங்கள் மரத்தில் என்ன பூச்சி வருகிறது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். எங்களுக்கு நிழல் மட்டும்தான் தெரியும்.

அந்த வருடம் மரங்கள் வெறி பிடித்த மாதிரிப் பூத்தன. இலையே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் வியாபாரத்தைப் பற்றிப் பயான் நடந்திருக்கிறது. பழுக்கிற அடையாளம் தெரியும் முன்னே மரத்திலுள்ள பழத்தை விற்பது மார்க்கத்தில் கூடாது, இல்லாததை விற்றுப் பிறகு ஒருவருக்கொருவர் மனவருத்தப்படுவதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம் என்று ஆலிம் சொல்லியிருக்கிறார். வாப்பாவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. வாப்பா அப்படித்தான். ஒன்றைச் சரி என்று பிடித்தால் உடும்புப் பிடி.

சரி, வீட்டுக்கு வந்து யோசித்து, மாமாவைக் கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்துப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். அதுதான் இல்லை. தொழுகை முடிந்து பள்ளி விறாந்தையில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த மாமாவிடம், நாலு பேர் பார்த்திருக்க, "மச்சான், இந்த வருசம் பூவுல குடுக்கிறதில்ல. அது ஹராமான யாவாரம்" என்றிருக்கிறார்.

மாமா ஒரு கால் சப்பாத்தோடு நின்றாராம். "அப்ப இவ்ளோ வருசமும் நான் ஹராமத்தான் திண்டீக்கிறேன்? ஒங்களுக்கும் அதத்தான் தந்தீக்கிறேன்?"

மாமா லொறியில் ஏறும்போது ஒரு வார்த்தை விட்டார்: "பூச்சி வந்து நிக்கும்போது தெரியும் மச்சான்." அத்தோடு இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா பூ கிடைக்காத கோபத்தில் கத்துகிறார் என்றுதான் நானும் நினைத்தேன், வாப்பாவும் நினைத்தார். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாப்பா சொன்னது சரிதான், சொன்ன இடம்தான் பிழை. ஊர் பார்த்திருக்க ஒரு மனிதரின் இத்தனை வருட உழைப்பை ஒரே சொல்லில் அழுக்காக்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இதில் மாட்டிக்கொண்டது எனக்கு மூத்தவள், என் ராத்தா. அவளுக்குப் பதினாறு வயது. சோதனை எழுதிவிட்டு இருந்தாள். பெறுபேறு வந்தபோது பள்ளிக்கூடத்திலேயே அவளுடைய புள்ளிகள்தான் அதிகம். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பில் விஞ்ஞானம் இல்லை. கண்டிக்குப் போய் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். ராத்தாவுக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அதே நேரம் மாமா கலேவெலயிலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பேச்சும் கொண்டுவந்து வைத்திருந்தார். பையனுக்குச் சொந்தக் கடை, நல்ல குடும்பம். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் பயம்.

வாப்பா இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்தார். "பழம் நல்லா வந்தா மகள் கண்டிக்கிப் போங்க, இன்ஷா அல்லாஹ். வராட்டி கலேவெலப் பேச்சப் பேசுவம்." விடுதிக்குக் கட்ட எங்களிடம் வேறு வழி கிடையாது. ஆக, ராத்தாவின் படிப்பு முழுக்க அந்த மரங்களில் தொங்கியது. அவள் அதன் பிறகு மரத்தைப் பார்த்த பார்வையே வேறு.

முதலில் வந்தது தத்துப்பூச்சி. மரத்தடிக்குப் போனால் மழை தூறுகிற மாதிரி ஒரு சத்தம். வானம் பளிச்சென்று இருக்கும், சத்தம் மட்டும் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் பூங்கொத்திலிருந்து சின்னச் சின்னதாக ஆயிரம் பூச்சிகள் தத்திப் பாய்ந்து முகத்தில் விழும். கீழே கிடந்த இலையெல்லாம் தேன் தடவியது போல் பிசுபிசுத்தது. கொஞ்ச நாளில் அந்தப் பிசுபிசுப்பில் கரி படிந்தது. பூ கருகி உதிர்ந்தது. ராத்தா உதிர்ந்த பூவைக் கையில் அள்ளிக்கொண்டு நின்ற கோலம் எனக்கு நினைவிருக்கிறது. அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வாப்பா சருகு குவித்துப் புகை போட்டார். முசுறு எறும்பு வேறு இலையைப் பின்னிக் கூடு கட்டியிருந்தது. அதுதான் இந்தப் பிசுக்கைக் கொண்டுவருகிறது என்று எண்ணி, கூட்டையெல்லாம் பந்தம் கட்டி எரிக்கக் கிளம்பிவிட்டார். அந்த நேரம் பாதையில் பச்சை லொறி நின்றது. மாமா இறங்கவில்லை. ஜன்னலால் தலையை நீட்டி, வேலியருகே நின்ற உம்மாவிடம் பேசினார். வாப்பா உம்மாவுக்குப் பக்கத்தில்தான் பந்தத்தோடு நிற்கிறார்.

"தங்கச்சி, மச்சான்ட்ட செல்லுங்க, முசுற எரிக்க வேணாம். பூச்சியப் புடிச்சித் திங்கிறதே அதுதான். சவர்க்காரத் தண்ணி அடிக்கச் செல்லுங்க, அதுவும் பூ மலர்ந்தீக்கிற கொத்துல பகல்ல அடிக்க வேணாம், தேனீ செத்துப் போகும், தேனீ செத்தா காய் புடிக்காது."

உம்மா வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டிச்சா?"

"ஒங்கட நானாட்ட செல்லுங்க," என்றார் வாப்பா, "எனக்கு யாரும் பாடம் படிச்சித் தர வேணாம்."

"அவருக்கும் கேட்டிருக்கும்" என்றார் உம்மா. லொறி புகை விட்டுக்கொண்டு போனது. வாப்பா கொஞ்ச நேரம் பந்தத்தைப் பார்த்தார். பிறகு அதை மண்ணில் குத்தி அணைத்தார். மாமா சொன்னதற்காக இல்லையாம், காற்று சரியில்லையாம்.

பின்னேரங்களில் சவர்க்காரத் தண்ணீர் அடித்தோம். முசுறு எங்களைக் கடித்த கடிக்கு அளவில்லை. பூவில் பாதி போனது, பாதி நின்றது. நின்ற பாதி மிளகளவு, பிறகு பாக்களவு பிஞ்சுகளானது. ராத்தா சிரிக்கத் தொடங்கினாள்.

இனித்தான் கதையே. வாப்பாவுக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது. மரத்திலிருந்து தானாக விழுந்த காய் நமக்குச் சொந்தமில்லை, அது ஸதகா, வழிப்போக்கருக்கும் பறவைக்கும் ஆட்டுக்கும் உரிய தர்மம் என்பார். மாமா கையில் மரம் இருந்த காலத்தில் அவருடைய ஆட்கள் விழுந்ததையெல்லாம் அன்றன்றைக்கே கூட்டி அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கஞ்சத்தனம் என்று வாப்பா அதை உள்ளூரக் குறை சொல்லிக்கொண்டேயிருந்திருக்கிறார். இந்த வருடம் மரம் அவர் கையில். விடுவாரா? பாதையோரம் ஒரு நீள வாங்கு போட்டார். பலகைப் பெஞ்சுதான், ஒரு கால் கொஞ்சம் ஆடும். காற்றில் விழுந்த காயையெல்லாம் நான் பொறுக்கி அதில் அடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர்.

சனங்கள் எடுத்தார்கள், பொய் சொல்லக்கூடாது. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் உப்பும் மிளகாய்த்தூளும் பொட்டலத்தில் கட்டிக்கொண்டே வந்தார்கள். தம்புள்ளை பஸ்ஸின் கண்டக்டர் பஸ்ஸை மெதுவாக்கச் சொல்லி ஒரு பை நிறைய அள்ளிக்கொள்வார். வாப்பா விறாந்தையில் இருந்து பார்த்து, முகமெல்லாம் சந்தோசமாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு நிறைகிறது. அவர் செய்தது தப்பு என்று தெரிந்த பிறகும் நிறைகிறது.

காய் முற்றத் தொடங்கியபோது விழுகிற காயின் கோலம் மாறியது. தோலில் ஊசி குத்தியது மாதிரி ஒரு புள்ளி, அதில் ஒரு சொட்டுப் பிசின். அமுக்கினால் உள்ளே கொழகொழவென்றிருக்கும். நல்லதும் கெட்டதும் பிரித்துப் பார்க்க யாருக்குத் தெரிந்தது? எல்லாம் வாங்குக்குப் போனது. எடுக்க ஆள் குறைந்தது, காய் குவிந்தது. வாங்குக்கடியில் புளித்த வாசம். அப்போது ஒருநாள் அந்தக் கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரித் தன் உடைந்த தமிழில் சொன்னார்: "முதலாளி, உங்க மாங்கா நல்லம். இறைச்சியும் சேத்து இருக்கு."

பஸ்ஸே சிரித்தது. வாப்பா விறாந்தையிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். தர்மம் செய்த கை அவமானப்பட்டால் அந்த வலி தனி.

ராத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மரத்திலிருந்த காய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாதையோரத்து இரண்டு மரங்களில் பாதிக்கு மேல் அந்தப் புள்ளி. உள்ளே தள்ளியிருந்த மரங்களில் அங்கொன்றும் இங்கொன்றும். மறுநாளே உம்மாவை இழுத்துக்கொண்டு மாத்தளைக்குப் போய் விவசாய உத்தியோகத்தரைக் கண்டாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். அவர் ஒரு சின்ன வயதுக்காரர், எங்களை உட்கார வைத்துத்தான் பேசினார்.

"புழு மாங்காயோட பொறக்கிறதில்லங்க. பழ ஈன்னு ஒன்னு. அது தோலைக் குத்தி உள்ள முட்டை வைக்குது. காய் விழுந்ததும் புழு வெளிய வந்து மண்ணுக்குள்ள போயிரும். அங்கேருந்து திரும்ப ஈயா எழும்பி வருது. விழுந்த காய நீங்க என்ன செய்றீங்க?"

உம்மா ராத்தாவைப் பார்த்தார். ராத்தா, "பாதையில வெக்கிறோம்" என்றாள்.

"அப்ப ஈயை நீங்களே வளர்க்கிறீங்க" என்றார் அவர். விழுந்த காயை அன்றாடம் பொறுக்கி, ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். மரத்திலுள்ள நல்ல காய்க்குக் கடதாசி உறை கட்ட வேண்டும். துளசி இலையைக் கசக்கிச் சிரட்டையில் போட்டு, கொஞ்சம் மருந்து விட்டு மரத்தில் கட்டினால் ஆண் ஈக்கள் அந்த வாசத்துக்கு வந்து விழும். இன்னும் நேரமிருக்கிறது, இன்றைக்கே தொடங்குங்கள் என்றார்.

ராத்தா வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வாப்பா முழுக்கக் கேட்டார். பிறகு, "ஈக்கும் அல்லாஹ்தான் ரிஸ்க் குடுத்தீக்கிறான், அதுக்கும் சாப்பாடு அவன்ட பொறுப்பு" என்றார்.

"வாப்பா, அது திங்கிறது என்ட படிப்ப."

"அதுக்காக ரிஸ்க மண்ணுல போட்டு மூடுறதா மகள்? பசியில ஒருத்தன் பாதையில போற நேரம், நான் பழத்தக் குழி வெட்டிப் பொதைக்கிறதா? என்ட கையால அது ஏலாது."

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். அதனால்தான் ராத்தாவால் எதிர்த்துப் பேச முடியவில்லை. வாங்கிலிருந்த அழுகலை மட்டும் பொறுக்கிப் பின்வேலியோரம் ஆட்டுக்குக் கொட்டச் சொன்னார். ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ராத்தா என்ன செய்தாள் தெரியுமா? குசினிக்குள் புகுந்து, உம்மா அரிசி களைகிற எனாமல் பேசினை எடுத்தாள். வெள்ளைப் பேசின், விளிம்பில் நீலக் கோடு. அதில் மணல் பரப்பி, புள்ளி விழுந்த காய்களை மேலே வைத்து, கிழிந்த நுளம்பு வலையால் வாயைக் கட்டி, கோழிக் கூட்டுக்கு மேல் வைத்துவிட்டாள். உம்மா திட்டின திட்டு! "அரிசி களையிற ஏனத்துல புழு வளக்கிறியா? ஒனக்கு ஜின் புடிச்சீக்கா?" ராத்தா அசையவில்லை. ஒவ்வொரு காலையும் நானும் அவளும் போய்ப் பார்ப்போம். முதலில் காய் சுருங்கிச் சாறானது. புழுக்கள் துள்ளித் துள்ளி மணலுக்குள் இறங்கின. பிறகு ஒன்றுமில்லை. பல நாள் வெறும் மணல்தான். எனக்கு அலுத்துவிட்டது. அவள் மட்டும் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

ஒருநாள் காலையில் வலைக்குள் முழுக்க ஈ. சாதாரண ஈ இல்லை. மண்ணிறத்தில், மஞ்சள் கோட்டோடு, குளவியின் குட்டித் தம்பி மாதிரி.

ராத்தா பேசினை அப்படியே தூக்கிக்கொண்டு போய் விறாந்தையில் வாப்பா முன் வைத்தாள். வாப்பா குனிந்து பார்த்தார். ஈக்கள் வலையில் முட்டிக்கொண்டிருந்தன.

"எல்லாம் அந்த நாலஞ்சி காயில வந்ததா?"

"ஓ வாப்பா."

"வாங்குல வெச்சதெல்லாம்…" என்று தொடங்கி நிறுத்திவிட்டார். எழுந்து போய்ப் பாதையோர மரத்தைப் பார்த்தார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கை வரவில்லை. மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது, அவர் அதைத் தொடவேயில்லை. "அல்லாஹ் தந்தத எப்புடிப் பொதைக்கிற?" என்று யாரிடமும் இல்லாமல் கேட்டார்.

உம்மா உள்ளேயிருந்து வந்தார். அதுவரைக்கும் இந்தச் சண்டையில் தூது போனதைத் தவிர உம்மா தன் வாயால் ஒரு அபிப்பிராயம் சொன்னதில்லை. கையைச் சீலையில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நம்மள்ல ஒருத்தர் மௌத்தானா எனத்த செய்றோம்? ரோட்டுல வெக்கிறோமா? குளிப்பாட்டி மண்ணுக்குள்ளதானே வெக்கிறோம். அது மரியாதயில்லயா? கெட்டுப்போன பழத்த ரோட்டுல வெச்சி நாலு பேர் காறித் துப்புறதவிட மண்ணுக்குள்ள வெக்கிறதுதான் அதுக்கும் மரியாத. ஒங்கட ரிஸ்குக்கும் அதுதான் மரியாத."

வாப்பா உம்மாவை நிமிர்ந்து பார்த்தார். முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். பிறகு "பிஸ்மில்லாஹ்" சொல்லி மண்வெட்டியை எடுத்தார்.

என் இடுப்பளவுக்குக் குழி வெட்டினார். வேலியோரக் குவியல், வாங்கடியில் கிடந்தது, மரத்தடியில் கிடந்தது, எல்லாவற்றையும் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினோம். சுண்ணாம்பு தூவினோம். மூடிவிட்டு மண்ணைத் தட்டும்போது வாப்பாவின் கண் கலங்கியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். ராத்தா என் தொடையில் கிள்ளினாள்.

அன்றையிலிருந்து வீடே ஒரு பட்டறையானது. காலையில் முதல் வேலை பொறுக்குவது. பிறகு உறை ஒட்டுவது. எத்தனை உறைக்குக் கடதாசி எங்கள் வீட்டில் இருக்கும்? அதற்கும் லொறி வந்தது. மாமா இறங்கி, பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றை வாங்கில் தொப்பென்று போட்டார். "தங்கச்சி, கடையில வெக்க எடமில்ல. எரிக்கிறதோ ஒட்டுறதோ, ஒங்கட விருப்பம்." அடுத்த கிழமையும் அவருடைய கடையில் இடமில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. வாப்பா அந்த நேரங்களிலெல்லாம் மிளகுக் கொடியில் ஏதோ முக்கியமான வேலையாக இருப்பார்.

கோதுமை மாக் கஞ்சியில் ஒட்டி, வாழைநாரில் கட்டினோம். ராத்தா வயதுக்கு வந்த பிள்ளை, பாதையோர மரத்தில் ஏறக்கூடாது என்று உம்மா சொன்னதால், தாழ்ந்த கிளை அவளுக்கு, உயர்ந்த கிளை எனக்கும் வாப்பாவுக்கும். அடுத்த வீட்டு அக்கா தன் துளசி மாடத்திலிருந்து கொத்துக் கொத்தாக ஒடித்துத் தந்தார். சாமிக்கு வைத்தது ஈக்குப் போகிறதே என்று சிரித்தார், தந்தார். சிரட்டைகளில் ஈ விழுந்து மிதந்தது. மரங்களைப் பார்த்தால் பத்திரிகை வாசிக்கிற மரங்கள். அதே பஸ் கண்டக்டர் இப்போது, "முதலாளி, மாங்காய்க்குச் சட்டை தைக்கிறதா?" என்று கேட்டார். வாப்பா இந்த முறை உள்ளே போகவில்லை. கையைக் காட்டினார்.

பாதையோர இரண்டு மரமும் போனது போனதுதான். உள் மரங்கள் நின்றன. காய்க்குத் தோள் பருத்தது, தோலில் மாப் பூத்தது, உச்சிக் கிளையில் ஒன்றிரண்டு மஞ்சள் தட்டியது. பழுக்கிற அடையாளம் தெரிந்துவிட்டது. இனி விற்கலாம்.

மாமா வந்தார். எல்லாரும் வாங்கடியில் கூடினோம். வாப்பா வாங்கின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். மாமா மறு முனையில் நின்றார்.

"தங்கச்சி, மச்சான்ட்ட கேளுங்க, காய் குடுக்கிற எண்ணமா?"

"ஒங்கட நானாட்ட செல்லுங்க, காய் என்டது இல்ல, மகள்ட. பேசுறதுண்டா அவள்ட்ட பேசட்டும்."

மாமா வாயைத் திறந்தபடி ராத்தாவைப் பார்த்தார். ராத்தாவும் இதை எதிர்பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு முன்னே வந்தாள்.

"மாமா, நீங்களே மரத்துல ஒடிச்சித் தாங்க, நான் வெட்டிக் காட்டுறேன்."

மாமா மூன்று காய் ஒடித்தார், மூன்று மரத்தில். ராத்தா வாங்கில் வைத்துக் கத்தியால் பிளந்தாள். முதலாவது சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில் ஒரு புழு நெளிந்தது. உம்மா கண்ணை மூடிக்கொண்டார். ராத்தா அந்தக் காயின் உறையை நிலத்திலிருந்து எடுத்து விரித்தாள். ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

"கவர் கிழிஞ்ச காயாப் பாத்து ஒடிச்சீக்கிறீங்க மாமா. கிழிஞ்சதெல்லாம் நான் வேறாத்தான் வெப்பேன், லொறியில ஏத்த மாட்டேன்."

மாமா அந்த உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கடையில கல்லாவுல ஒக்கார வேண்டிய புள்ள" என்று சொல்லி ஒரு விலை சொன்னார். நல்ல விலை. வாப்பாவே தலையாட்டிவிட்டார்.

"வெல போதும் மாமா. ஆனா ஒரு ஷர்த்து ஈக்கிது, அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் காய்."

"எனத்த?"

"என்னக் கண்டிக்கி நீங்கதான் கொண்டு போய் விடணும். லீவுக்கும் நீங்கதான் வந்து கூட்டிக்கிட்டு வரணும்."

அவள் கேட்டது வாகனம் இல்லை என்று எனக்கே விளங்கியது. கலேவெலப் பேச்சைக் கொண்டுவந்தவர் மாமா. அவரே அவளை லொறியில் ஏற்றிக் கண்டியில் இறக்கினால் அந்தப் பேச்சு அன்றோடு முடியும். குடும்பத்தில் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மாமா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். வெட்டிய மாங்காயில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். அந்தத் துண்டை விழுங்கி முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது!

"கலேவெலக்காரனுக்கு நான் செல்லிக்கிறேன்" என்றார் கடைசியில்.

ராத்தா போன காலையில் லொறியில் அவளுடைய தகரப் பெட்டி, ஒரு தலையணை, உம்மா கட்டிக் கொடுத்த சோறு. பின்னால் வைக்கோலில் எங்கள் மாங்காய். அவளைக் கண்டியில் இறக்கிவிட்டு மாமா கொழும்புக்குப் போவார். உம்மா அழுதார், நான் அழுதேன், ராத்தா அழக்கூடாது என்று முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஏறினாள்.

வண்டி உறுமியது. வாப்பா அதுவரைக்கும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், திடீரென்று நடந்து போய் ஓட்டுகிற பக்கத்து ஜன்னலில் கையை வைத்தார். மாமாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மச்சான், மெல்ல ஓட்டுங்க."

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாடை இரண்டு மூன்று தடவை அசைந்தது. பிறகு பக்கத்திலிருந்த ராத்தாவின் பக்கம் திரும்பினார்.

"ஒங்கட வாப்பாட்ட செல்லுங்க மகள், பழுத்த மாங்காயவே ஒரு காயம் படாம கொழும்புக்குக் கொண்டு போறவன் நான்."

ராத்தாவால் சொல்ல முடியவில்லை. அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"கேட்டிச்சி மச்சான்" என்றார் வாப்பா. ஜன்னலிலிருந்து கையை எடுத்தார். லொறி பாதையில் ஏறிக் கண்டிப் பக்கம் திரும்பியது.